யார் கை அன்னம்

“கதவைச் சாத்து.”

முத்துமாரியம்மாள் சாத்தச் சொன்ன கதவு அவள் வீட்டுக் கதவு அல்ல. பேச்சியின் வீட்டுக் கதவு. சாத்தச் சொன்னதும் பேச்சியிடம்தான். பேச்சி கூழ்ச் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, மகன் சின்னத்துரையை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தலையில் ஒரு உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு எழுந்தான். வீட்டுக்காரர்கள் இருவரும் வெளியே போனார்கள். கதவைச் சாத்தினார்கள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

“இப்ப ஊத்து” என்றாள் முத்துமாரியம்மாள் மருமகளிடம்.

கிருஷ்ணப்ரியா கம்பங்கூழைக் கரைத்து ஊற்றினாள். மாமியார் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து குடித்தாள். சுவரில் சின்னத்துரை பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய சான்றிதழ் ஒட்டியிருந்தது. இரண்டு நாளாக அதையே பார்த்துச் சாப்பிட்டதில், அவன் எந்த வருஷம் எந்த ஓட்டத்தில் ஜெயித்தான் என்பதுகூட முத்துமாரியம்மாளுக்குப் பாடமாகியிருக்கும்.

“எதுக்கு அத்தை கதவு? அவுக நனையுறாகல்ல.”

“ஊர்க்காரங்க யாராச்சும் பாத்தா?”

“ஊர்க்காரங்க அம்புட்டுப் பேரும் அவுக அவுக கதவச் சாத்திக்கிட்டு இதே கூழத்தான் குடிக்கிறாக.”

“அதான் சொல்றேன். அவுகளும் சாத்திருக்காகல்ல?”

கிருஷ்ணப்ரியா தம்ளரை எடுத்தாள். ஏழு மாத வயிறு ஒரு பக்கம் இழுத்தது. அவளும் தன் பங்கைக் குடித்தாள். பசிக்குக் கூழ் தேனாக இறங்கியது. அதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

கொக்கனேந்தலில் வெள்ளம் என்றால் சிரிப்பார்கள். திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே இருக்கும் அந்தச் சீமையில் தண்ணீர் லாரியில்தான் வரும். அப்படிப்பட்ட ஊரில், மார்கழி பிறந்ததும் பிறக்காததுமாக ஒரு பகலும் ராத்திரியும் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. கருவேலம் மண்டிக் கிடந்த கண்மாய் விடிகிற நேரத்தில் கரையை உடைத்துக்கொண்டு, நேராகக் கிழக்குத் தெருவுக்குள் வந்தது. கோயில், மளிகைக் கடை, ரேஷன் கடை எல்லாவற்றிலும் இடுப்பளவு தண்ணீர்.

காலனியில் மட்டும் ஒரு சொட்டு ஏறவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஊர் உண்டான காலத்தில் கண்மாய்ப் பாசனமும் கரிசல் நிலமும் உள்ள பள்ளத்தைக் கிழக்குத் தெருக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒன்றும் விளையாத, கிணறு தோண்டினால் பாறை முட்டுகிற சரளை மேட்டைக் காலனிக்கு ஒதுக்கினார்கள். தள்ளி வைத்தவர்கள் உயரத்தில் வைத்துவிட்டார்கள். அப்போது யாருக்கும் அது தோன்றவில்லை. இப்போது கிழக்குத் தெரு முழுவதும் அந்த மேட்டுக்கு ஓடி வந்தது.

ஓடி வந்தது என்றும் சொல்ல முடியாது. கொண்டு வந்தார்கள். காலனிப் பையன்கள்தான் கயிறு கட்டி ஆட்களை இழுத்தார்கள். முத்துமாரியம்மாளுக்கு மூட்டு வலி. சின்னத்துரையும் இன்னும் மூன்று பேரும் அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாற்காலியைத் தோளில் வைத்துத் தூக்கி வந்தார்கள். தண்ணீருக்கு மேலே அவள் சப்பரத்தில் வரும் அம்மனைப் போல ஆடி ஆடி வந்தாள். பயத்தில் இரண்டு கையையும் சின்னத்துரையின் தலைமுடியில் பிடித்திருந்தாள். மேடு வந்ததும் கையை எடுத்தாள்; எடுத்த கையை முதலில் மழைத் தண்ணீரில் கழுவினாள்.

“மொதலாளிம்மா, எம் முடிதான் சேறு. நீங்க கழுவுனது சரிதான்” என்று சின்னத்துரை சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பான்.

முத்துமாரியம்மாளின் மகன் ராஜ்கமல் தங்கள் மளிகைக் கடைக்கு லோடு எடுக்க மதுரைக்குப் போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். செல்போன் கோபுரம் செத்துக் கிடந்தது. அதனால் மாமியாரும் மருமகளும் பேச்சி வீட்டில் இறங்கினார்கள். வந்த முதல் நாள் முத்துமாரியம்மாள் உள்ளே வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மழை சாய்ந்து அடித்ததும், “மழைக்காக உள்ள வாரேன். சாப்பிட எல்லாம் வரல” என்று அறிவித்துவிட்டு வந்தாள். பொழுது சாய்ந்ததும் சாப்பிடவும் செய்தாள். கதவைச் சாத்திக்கொண்டு.

காளியம்மன் பொங்கலுக்குக் கூழ் காய்ச்சும் பெரிய அண்டா பேச்சியிடம் இருந்தது. காலனி வீடுகளில் இருந்த ரேஷன் அரிசி முதல் நாள் அந்த அண்டாவுக்குள் போனது. மறுநாள் கம்பு போனது. வாசலில் கூரை இறக்கிய சாய்ப்பில் கல் கூட்டி, ஈர விறகோடு மல்லுக்கட்டி, கண் சிவக்கச் சிவக்கப் பேச்சி காய்ச்சினாள். கிழக்குத் தெரு வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, யாரோ அடுத்தவருக்கு வாங்குவதுபோலப் பாத்திரத்தை நீட்டினார்கள். “சின்னப் புள்ளைகளுக்கு” என்று ஒருவர். “மாத்திரை போட வேண்டியிருக்கு, அதான்” என்று இன்னொருவர். பேச்சி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

கிருஷ்ணப்ரியாவுக்குத்தான் ஒரு காட்சி மனத்தில் திரும்பத் திரும்ப வந்தது. முதல் தடவை பேச்சி அவளுக்குக் கஞ்சி கொண்டுவந்தபோது, தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்து நின்றாள். இது எங்கே பார்த்தது என்று யோசித்தாள். தங்கள் கடைதான். கடையின் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் உண்டு. காலனிக்காரர்களுக்கு அந்த ஜன்னலில்தான் சரக்கு. கையில் கொடுப்பதில்லை, ஜன்னல் கட்டையில் வைத்து நகர்த்த வேண்டும். பந்தல்குடியிலிருந்து கல்யாணமாகி வந்த மறுவாரமே மாமியார் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு வருஷமாக அவளும் வைத்து நகர்த்தியிருக்கிறாள், சோப்பு, சீனி, தீப்பெட்டி எல்லாம். பேச்சிக்குத் தெரிந்த மரியாதை கிருஷ்ணப்ரியா கற்றுக்கொடுத்த மரியாதைதான்.

“கையில குடுங்கக்கா” என்று கேட்டு வாங்கினாள் அன்றைக்கு. ‘அக்கா’ எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பேச்சியும் திகைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் அண்டா காலி. பேச்சி அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். “டின்னுல ஒரு நாழி கம்பு கெடக்கு. அது எங்க வீட்டுக்கே காணாது” என்றாள். ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் அண்டாவைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் தூரத்தில் பக்திப் பாட்டு கேட்டது.

“அன்னக்கொடி வண்டிடா!”

மேடே எழுந்து நின்றது.

அருப்புக்கோட்டை அன்னக்கொடி சபையைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை. நெசவுக் குடும்பங்கள் சில சேர்ந்து நடத்தும் சபை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அவர்களுடைய ‘குட்டி யானை’ சரக்கு வண்டி ஊர் ஊராகப் போய்ப் புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் போடும். பஞ்சத்திலும் நோயிலும் எங்கே அடுப்பு எரியவில்லையோ அங்கே அந்த வண்டி போய் நிற்கும். வண்டியின் நெற்றியில் சின்னக் கோயில் மாதிரி ஒரு மாடம். மாடத்துக்குள் பெருமாள் படம். மைக் செட், மணி, எவர்சில்வர் வாளிகள். படம் இருப்பதால் அது வெறும் வண்டி அல்ல, நடமாடும் சந்நிதி என்பார் சபைத் தலைவர் வேங்கடபதி. சந்நிதி என்பதால் அது கோயில் வாசல்களில்தான் நிற்கும். கொக்கனேந்தலில் கிழக்குத் தெருக் கோயில் வாசலில் நிற்கும். சாமி புறப்பாடு போகாத இடத்துக்கு வண்டியும் போனதில்லை. காலனிக்காரர்கள் ஊர்ப் பந்தி முடிந்தபிறகு சாலையோரம் வந்து வாங்கிக்கொள்வார்கள்.

இப்போது கோயில் வாசலில் மீன் ஓடுகிறது. மேட்டுக்குப் பின்னாலிருந்து வரும் சரளைப் பாதை மட்டும்தான் பாதை. அந்தப் பாதை காலனிக்குள் வந்துதான் முடியும்.

வண்டி வந்தது. வந்த கோலத்தைப் பார்த்து மேட்டில் இருந்தவர்களுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பெருமாளைக் காணோம். மாடத்தை மறைத்து, ஜரிகை வைத்த மெரூன் துணியில் ஒரு திரை இழுத்துக் கட்டியிருந்தது. காற்றில் பறந்துவிடாமல் இருக்க நான்கு மூலையிலும் துணி காயப்போடும் கிளிப்.

சின்னத்துரைதான் முதலில் வாய் திறந்தான். கிருஷ்ணப்ரியாவின் காதோரமாகச் சொன்னான். “அக்கா, சாமியும் ஒங்க அத்தை மாதிரிதான். கதவச் சாத்திக்கிட்டுல்ல வந்திருக்கு.”

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள். வயிறு குலுங்கியது.

வேங்கடபதி நல்ல மனிதர். அதையும் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டிய வயதில், பாதையில் விழுந்து கிடந்த கருவேல மரத்தைத் தானே அரிவாள் பிடித்து வெட்டி ஒதுக்கிவிட்டு வந்திருந்தார். வேட்டி முழங்கால் வரை சேறு. பிள்ளைகளைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது. “எத்தன நாளாச்சு சாப்பிட்டு?” என்று கேட்டார். கேட்டுவிட்டு டிரைவர் பக்கம் திரும்பித் தெலுங்கில் ஏதோ புலம்பினார். டிரைவர் அருஞ்சுனை எம்.ரெட்டியபட்டிக்காரர், பதினைந்து வருஷமாகத் தலைவரோடு சுற்றியதில் அவருக்கும் தெலுங்கு புரியும்.

“ஆமாங்கய்யா, பாவந்தான். அதுக்குத்தான வந்திருக்கோம். எங்கன நிறுத்த?”

“இங்கனயே நிறுத்து. திரை ஆடாமப் பாத்துக்க.”

“காத்துக்கிட்டயா சொல்ல முடியும்? கிளிப்புதான் பாத்துக்கணும்.”

முத்துமாரியம்மாள் தடியை ஊன்றிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றாள். சேலையை மாற்றி, விபூதி பூசியிருந்தாள். இரண்டு நாள் சுவரைப் பார்த்துக் குனிந்திருந்த முதுகு இப்போது நிமிர்ந்திருந்தது.

“வாங்கய்யா. நல்ல சமயத்துக்கு வந்தீக. ரெண்டு நாளா இந்த ஊரு பச்சத் தண்ணி குடிக்கல.”

கிருஷ்ணப்ரியா திரும்பிப் பேச்சியைப் பார்த்தாள். பேச்சி அண்டாவின் அடியில் பிடித்த கரியைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது, கை நிற்கவில்லை. ஆனால் தேய்ப்பது கொஞ்சம் வேகமானது.

“பந்தி எப்படிங்கம்மா போட?” என்றார் வேங்கடபதி.

“எப்பவும் போலதான். எங்க ஆளுக வலப்பக்கம். அவுக எடப்பக்கம். எங்க பந்தி முடியவும் அவுகளுக்கு.”

“சோறு அளவாத்தான் இருக்கு. எல்லாருக்கும் வரும்னு நெனைக்கேன். திரும்பப் போய்க் கொண்டார சாயங்காலம் ஆகிரும்.”

“வந்தவரைக்கும் வரட்டும்.”

கிழக்குத் தெருக்காரர்கள் மளமளவென்று வலப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். நேற்று இரவு வரை யார் வீட்டுப் பாயில் படுத்தார்களோ, அந்த வீட்டுக்காரர்களை அவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. காலனிக்காரர்கள் யாரும் சொல்லாமலே இடப்பக்கம் ஒதுங்கினார்கள். நடுவில் வண்டி. வண்டியின் தலையில் மூடிய சாமி.

அன்னக்கொடி சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. அதைக் ‘கை சொல்வது’ என்பார்கள். எந்த ஊருக்குப் போனாலும் பந்திக்கு முன்னால் ஒரே ஒரு இலையில் சோறு வைத்துப் பெருமாளுக்குக் காட்டி, அந்த ஊரில் பசித்தவருக்கு அன்னமிட்ட கை எதுவோ அந்தக் கைக்கு முதல் இலையைக் கொடுப்பார்கள். தலைவர் மைக்கில் மூன்று தடவை கேட்பார், “இந்த ஊரில் அன்னமிட்ட கை யார் கை?” என்று. ஊரார் சார்பில் ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னதும் மணி. மணி அடித்துவிட்டால் சொன்னதை மாற்றக்கூடாது. அந்தக் கைக்காரர் எந்தப் பக்கம் உட்காருகிறாரோ அந்தப் பக்கத்திலிருந்து பந்தி தொடங்கும். கொக்கனேந்தலில் வருஷா வருஷம் முத்துமாரியம்மாள் கைதான். சபைக்கு ஆண்டுதோறும் அரிசி மூட்டை அனுப்புகிறவள் அவள். பெயர் சொல்கிற வேலை, மருமகள் வந்த நாளிலிருந்து மருமகளுடையது.

“போத்தா. போயிக் கை சொல்லி, எலைய வாங்கிட்டு வா. எனக்கு முட்டி நிக்கல” என்றாள் முத்துமாரியம்மாள்.

கிருஷ்ணப்ரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். வழக்கமாகச் சொல்கிற பெயரைச் சொல்லிவிட்டு வரலாம். சொன்னால் ஒன்றும் ஆகாது. சோறு வரும், தண்ணீர் வடியும், வீட்டுக்குப் போவார்கள், அவள் மறுபடி ஜன்னல் கட்டையில் சோப்பை வைத்து நகர்த்துவாள். சொல்லாவிட்டால்? மாமியார் சும்மா விடமாட்டாள். ராஜ்கமல் அம்மா பேச்சைத் தட்டாதவன். வளைகாப்புக்கு முன்னாலேயே பந்தல்குடிக்குப் பெட்டி கட்ட வேண்டி வரும்.

வேங்கடபதி இலையில் சோறும் சாம்பாரும் வைத்துக் கையில் ஏந்தி நின்றார். திரைக்கு முன்னால் வந்ததும் தயங்கினார். திரை போடும் யோசனை நேற்று அவர் வீட்டு அடுப்படியில் தோன்றியது. அடுப்படியில் யாரும் கை சொல்வதைப் பற்றி யோசிக்கவில்லை.

“அருஞ்சுனை, கொஞ்சம் வெலக்கு.”

“எம்புட்டு வெலக்க?”

“எலை தெரியிற அளவுக்கு.”

“எலை சாமிக்குத் தெரியணுமா, சாமி எலைக்குத் தெரியணுமாங்கய்யா? ரெண்டுல ஒண்ணுன்னா ஒரு கிளிப்புப் போதும். ரெண்டும்னா ரெண்டு எடுக்கணும்.”

மேட்டில் எங்கேயோ ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது. அருஞ்சுனை இரண்டு கிளிப்பை எடுத்தார். காத்திருந்தது போலக் காற்று மீதி இரண்டையும் எடுத்துக்கொண்டது. திரை பறந்து போய் ஒரு வேலிக் கருவேலத்தில் மாட்டியது. பெருமாள் காலனியைப் பார்த்தார். கையில் சங்கும் சக்கரமுமாக, எப்போதும் சிரிக்கிற அதே சிரிப்போடு. காலனிப் பெண்கள் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் வாசலுக்கு அந்தச் சாமி வந்தது இதுதான் முதல் தடவை.

வேங்கடபதிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் இலை, இன்னொரு கையில் மைக். தெரிந்ததைச் செய்தார்.

“இந்த ஊரில் அன்னமிட்ட கை யார் கை?”

குரல் தண்ணீரின் மேல் போய்க் கோயில் கோபுரத்தில் மோதித் திரும்பியது.

“இந்த ஊரில் அன்னமிட்ட கை யார் கை?”

கிருஷ்ணப்ரியா இடப்பக்கம் பார்த்தாள். பேச்சி அண்டாவைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கூட்டத்தின் கடைசியில் நின்றாள். சாமியைக் கும்பிடுவதற்காக நார் பிடித்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இந்த ஊரில் அன்னமிட்ட கை...”

“பேச்சி கை.”

மைக் அவள் பயத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது.

வேங்கடபதி மைக்கைத் தாழ்த்தினார். “யாரும்மா அது? அரிசி குடுக்குறவுக இல்லையா?”

“அரிசி வேறங்கய்யா. நீங்க கேக்குறது அன்னம். ரெண்டு நாளா இந்த மேட்டுல அடுப்பு எரிஞ்சது பேச்சியக்கா வாசல்ல மட்டுந்தான். எங்க அத்தையும் நானும் அதத்தான் குடிச்சோம். வேணும்னா இங்க இருக்கவுகள்ட்டயே கேளுங்க.”

அவர் வலப்பக்கம் திரும்பினார். அவர் கேட்கவே இல்லை, பார்த்தார், அவ்வளவுதான். ஊரே இலையில் இல்லாத சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டது. சாமி எதிரே, திரையில்லாமல், இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. கூட்டுறவு சொசைட்டி செயலாளர் ராஜகுரு மட்டும் தொண்டையைச் செருமி, “கூழு... கூழு நல்லாத்தான் இருந்துச்சு” என்றார்.

வேங்கடபதி சபையின் விதியைக் கடவுளுக்கு அடுத்தபடியாக வைத்திருப்பவர். விதி ஊர் எல்லையைப் பற்றிச் சொல்லவில்லை, தெருவைப் பற்றிச் சொல்லவில்லை. அன்னமிட்ட கை என்றுதான் சொல்கிறது. மைக்கை அருஞ்சுனையிடம் கொடுத்துவிட்டு மணிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

மணி அடித்தது. அருஞ்சுனை, “அடிச்சாச்சுங்கய்யா. இனி அடிச்ச மணிய உள்ள இழுக்க முடியாது” என்றார் சந்தோஷமாக.

“எங் கை மட்டும் இல்லீங்க, காலனிக் கையின்னு சொல்லுங்க” என்றாள் பேச்சி கூட்டத்துக்குள்ளிருந்து. ஆனால் அவளை முன்னால் தள்ளிவிட்டார்கள். வேங்கடபதி இலையை நீட்டினார். அவள் பழக்கத்தில் தரையைப் பார்த்தாள், எங்கே வைக்கப்போகிறார் என்று. அவர் தரையில் வைக்கவில்லை. வைக்க முடியாது, விதிப்படி கையில்தான் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டு இடப்பக்கம் போய்த் தன் ஆட்களோடு உட்கார்ந்தாள். ஆகவே பந்தி இடப்பக்கத்திலிருந்து தொடங்கியது.

வலப்பக்கத்தில் கொஞ்ச நேரம் முணுமுணுப்பு ஓடியது. சோறு அளவாகத்தான் இருக்கிறது என்று தலைவர் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. முதலில் ராஜகுரு எழுந்தார். மாத்திரை போட வேண்டும் என்றார். அப்புறம் பிள்ளைக்காரிகள் எழுந்தார்கள். வாளி பாதிப் பந்தியைக் கடப்பதற்குள் வலப்பக்கம் என்று ஒன்று இல்லை. மேட்டில் ஒரே வரிசைதான் இருந்தது. இதற்குச் சீர்திருத்தம் என்று யாரும் பெயர் வைத்துவிட வேண்டாம். பசி என்று வைத்தால் போதும்.

எழுந்திருக்காதவள் முத்துமாரியம்மாள் ஒருத்திதான்.

“மானத்த வாங்கிட்டியேடி” என்றாள், மருமகள் அருகே வந்ததும். “எந் தோள்ல கெடந்த மாலைய எடுத்து எவளுக்கோ போட்டுட்டியே.”

“நாம குடிச்சதத்தான் சொன்னேன் அத்தை. வேற ஒண்ணும் சொல்லல.”

“ராஜ்கமல் வரட்டும். நீ பந்தல்குடி பஸ்ஸு ஏறு.”

“ரோடு தெளியட்டும் அத்தை. மொத பஸ்ஸுலயே ஏறுறேன். இப்ப ரெண்டு வாய் சாப்பிடுங்க.”

“எனக்கு வேண்டாம்.”

அவள் சாப்பிடவில்லை. வேங்கடபதி கூப்பிட்டும் போகவில்லை. வாளி காலியானது. வண்டி திரும்பியது. கருவேலத்தில் மாட்டிய திரையை எடுக்க அருஞ்சுனை போனார். முள்ளில் கிழிந்திருந்தது. “சாயங்காலம் திரும்ப வரணும். வேற திரை கெடைக்குமாங்கய்யா?” என்று கேட்டார். வேங்கடபதி மாடத்தை அண்ணாந்து பார்த்தார். “வீட்டுல கேட்டாக் காத்து கொண்டு போயிருச்சுன்னு சொல்லு. போற வழிக்கு வேண்டாம்” என்றார். திரும்பி வரும் வழிக்கு வேண்டுமா என்பதை அவர் சொல்லவில்லை.

மழை விட்டு வெறித்திருந்த வானம் பிற்பகலில் மறுபடி இருட்டியது. சாயங்காலம் வருவதாகச் சொன்ன வண்டியைக் காணோம். பாதையில் இன்னொரு மரம் விழுந்திருக்க வேண்டும். பேச்சி டின்னைத் தட்டி மீதிக் கம்பை எடுத்துச் சின்னச் சட்டியில் காய்ச்சினாள். கூழ் வாசனை சாய்ப்பிலிருந்து வீட்டுக்குள் வந்தது.

முத்துமாரியம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. கிருஷ்ணப்ரியா மூலையில் தன் பையில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்றுதான். கை மடித்தது, மனம் ராஜ்கமல் முகத்தில் நின்றது. அவன் என்ன சொல்வான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தான் செய்தது சரிதானா என்றுகூட இரண்டு தடவை சந்தேகம் வந்தது. கூழ் வாசனை வந்ததும் அந்தச் சந்தேகம் மட்டும் போனது.

பேச்சி சட்டியைக் கொண்டுவந்தாள். பின்னாலேயே சின்னத்துரை தம்ளர்களோடு வந்தான்.

முத்துமாரியம்மாள் சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

“கொஞ்சம் இருந்தா ஊத்து.”

“இருக்கு மொதலாளிம்மா.”

“கதவைச் சாத்து.”

பேச்சி கதவுப் பக்கம் போகவில்லை. சட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மகனையும் உட்காரச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். கரண்டியால் கூழைக் கலக்கிக்கொண்டே, சண்டைக்கு வராத குரலில், நாளைக்கு மழை வருமா என்று கேட்பதுபோலச் சொன்னாள்.

“கூழு இருக்கும்மா. வேணுங்கிற மட்டும் குடிங்க. ஆனா மூணு நாளா நனைஞ்சு எனக்குச் சளி கட்டிருச்சு. இன்னிக்கு நாங்க வெளிய போறதா இல்ல. கதவும் தொறந்துதான் கெடக்கும், பொகை போகணும்ல.”

வெளியே ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். ராஜகுரு பாத்திரத்தோடு சாய்ப்பில் வந்து நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, “மாத்திரைக்கு...” என்று தொடங்கி, முத்துமாரியம்மாளைப் பார்த்ததும் நிறுத்தினார்.

பேச்சி ஒரு தம்ளர் நிறைய ஊற்றினாள். தரையில் வைக்கவில்லை. கையில் வைத்து நீட்டினாள்.

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. கிருஷ்ணப்ரியா மடித்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். சின்னத்துரைகூடச் சிரிக்கவில்லை. கூழிலிருந்து ஆவி எழுந்து திறந்த கதவு வழியாக வெளியே போனது.

முத்துமாரியம்மாள் சான்றிதழிலிருந்து கண்ணை எடுத்தாள். மெதுவாக, மூட்டு வலிக்க வலிக்க, இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“உப்புப் போட்டியா?” என்று கேட்டபடி கையை நீட்டினாள்.